ஒரு பெட்டி, பல வயது: பழைய ரயில் பெட்டியின் வரலாற்றைப் படிப்பது எப்படி?

பிரிட்டனில் பழைய ரயில் பாதைகளை ஆர்வலர்களே எடுத்து நடத்தும் வழக்கம் 1951-இல் தொடங்கியது. வேல்ஸில் இருக்கும் டாலிலின் குறும்பாதைதான் (தண்டவாள இடைவெளி குறுகிய பாதை) முதலாவது. 1960-இல் புளூபெல் ரயில்வே பிரிட்டனின் வழக்கமான அகலமுள்ள பாதையில் அதே வேலையைத் தொடங்கியது. இப்படிப்பட்ட பாதைகளில் ஓடும் பழைய பெட்டிகளில், "இன்ன கம்பெனி, இன்ன ஆண்டில் கட்டியது" என்று ஒரு சின்னப் பலகை மாட்டியிருப்பார்கள். பார்க்க வருபவர் அந்த ஆண்டை முழுப் பெட்டிக்கும் பொருத்திப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

பலகையில் இருப்பது பொய்யல்ல. ஆனால் அது பெட்டியின் ஒரு வயதை மட்டுமே சொல்கிறது. மர உடல் 1890-களில் செய்ததாக இருக்கலாம். அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் அரை நூற்றாண்டு கழித்து ஒரு பார்சல் வண்டிக்காகச் செய்ததாக இருக்கலாம். பிரேக் சிலிண்டர் வேறொரு பெட்டியிலிருந்து கழற்றியது, கூரைக் கான்வாஸ் புதியது, இருக்கைத் துணி பழைய வடிவத்தைப் பார்த்து அண்மையில் நெய்தது. எனவே ஒரு பழைய பெட்டியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் "இது எந்த ஆண்டுப் பெட்டி?" என்று கேட்பதைவிட "இதில் எது எந்த ஆண்டைச் சேர்ந்தது?" என்று கேட்பது பலன் தரும்.

முதலில் பெட்டியைப் பிரித்துப் பார்ப்போம்

பழைய பயணிகள் பெட்டி மூன்று அடுக்கு. கீழே சக்கரம், அச்சு, வில் சேர்ந்த ஓடும் பகுதி. அதன்மேல் அடிச்சட்டம்: நீளவாக்கில் ஓடும் இரண்டு உத்திரங்கள், குறுக்குச் சட்டங்கள், இரு முனைகளிலும் மோதலைத் தாங்கும் பஃபர், நடுவில் கொக்கி. இழுவிசை, மோதல் எல்லாவற்றையும் தாங்குவது இந்த அடிச்சட்டம்தான். அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் உடல், கிட்டத்தட்ட ஒரு மர வீடு. போல்ட்டைக் கழற்றினால் உடலைத் தனியாகத் தூக்கிவிடலாம். பின்னால் வரப்போகும் கதை முழுவதும் இந்த ஒரு வசதியால் நடந்தது.

ஒரு சொல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் பலர் பெட்டியையே "போகி" என்கிறார்கள். தொழில் வழக்கில் போகி என்பது பெட்டிக்கு அடியில், நான்கு அல்லது ஆறு சக்கரங்களுடன் தனியாகத் திரும்பக்கூடிய வண்டிச் சட்டகம். ஒரு பெட்டிக்கு இரண்டு போகிகள். போகி இல்லாத பழைய பெட்டிகளில் இரண்டு அல்லது மூன்று அச்சுகள் நேராக அடிச்சட்டத்திலேயே பூட்டப்பட்டிருக்கும். அவற்றை நான்கு சக்கரப் பெட்டி, ஆறு சக்கரப் பெட்டி என்பார்கள்.

இந்த வடிவம் எப்படி வந்தது

1830-இல் லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை திறந்தபோது ரயில் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது குதிரை வண்டி. முதல் வகுப்புக்கு மூன்று குதிரை வண்டிக் கூண்டுகளை ஒட்டினாற்போல ஒரே சட்டத்தின் மேல் வைத்தார்கள். பக்கவாட்டில் கதவு, எதிரெதிர் இருக்கை, தடுப்புச் சுவர் என்று பிரிட்டிஷ் பெட்டியில் நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அறை அமைப்பு அங்கிருந்து வந்ததுதான். வெளிப்பக்கத்தில் வளைந்து இறங்கும் அலங்கார மர வரிகள்கூடக் குதிரை வண்டித் தச்சர்களின் கைப்பழக்கம்.

ஏழைகளுக்குக் கூரையில்லாத திறந்த வண்டி. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது: தினமும் ஒரு ரயிலாவது எல்லா நிலையங்களிலும் நின்று, சராசரி மணிக்கு 12 மைலுக்குக் குறையாமல், மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில் ஓட வேண்டும், மூன்றாம் வகுப்புப் பயணிக்கு இருக்கையும் மழை வெயிலிலிருந்து காப்பும் வேண்டும். எளிய மக்களுக்கான மூடிய பெட்டி இப்படிப் பிறந்தது. சொகுசு என்று சொல்ல முடியாது. வெறும் பலகை இருக்கை, சின்ன ஜன்னல்.

அதன் பிறகு பெட்டியில் வந்த மாற்றங்களில் பல, ஒரு விபத்து அல்லது குற்றத்தைத் தொடர்ந்து வந்தவை. 1864 ஜூலையில் வடக்கு லண்டன் ரயிலின் முதல் வகுப்பு அறையில் தாமஸ் பிரிக்ஸ் என்ற வங்கி அலுவலர் தாக்கப்பட்டு இறந்தார். தாழிட்ட அறை, அடுத்த அறைக்குப் போகவோ ரயில் கார்டைக் கூப்பிடவோ வழியில்லை. கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர் ஃபிரான்ஸ் முல்லர். சில கம்பெனிகள் தடுப்புச் சுவரில் அடுத்த அறை தெரிகிற மாதிரி சிறு கண்ணாடித் துளை வைத்தன. மக்கள் அதற்கு "முல்லர் லைட்" என்றே பேர் வைத்துவிட்டார்கள் ("லைட்" என்றால் இங்கே சிறு ஜன்னல்). 1868-ஆம் ஆண்டுச் சட்டம், 20 மைலுக்கு மேல் நிற்காமல் ஓடும் ரயிலில் பயணி ஊழியரைத் தொடர்புகொள்ள வழி இருக்க வேண்டும் என்றது. முதலில் கூரை ஓரமாக வெளியே ஓடிய கயிறு. அது நம்பத்தக்கதாக இல்லை. பிறகு பிரேக்கோடு இணைத்த சங்கிலி. இன்றும் நாம் இழுக்க அஞ்சும் அபாயச் சங்கிலியின் மூதாதை அது.

1889 ஜூன் 12, அயர்லாந்தின் ஆர்மா. சுற்றுலா ரயில் ஒன்று ஏற்றத்தில் நின்றுபோனது. ரயிலைப் பிரித்து முன்பகுதியை மட்டும் கொண்டுபோக முயன்றபோது பின்பகுதி உருண்டு இறங்கி, பின்னால் வந்த ரயிலில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அந்த ரயிலிலும் வெற்றிட பிரேக் இருந்தது, ஆனால் தானியங்கி வகை அல்ல. குழாயைப் பிரித்ததும் பின்பெட்டிகளுக்குப் பிரேக்கே இல்லாமல் போனது. அதே ஆண்டு வந்த சட்டம், எல்லாப் பயணிகள் ரயிலிலும் தொடர்ச்சியான தானியங்கி பிரேக்கைக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய பெட்டி ஒன்றில் முழு பிரேக் அமைப்பு இருந்தால் அது கட்டும்போது வந்ததா, 1889-க்குப் பிறகு சேர்த்ததா என்று பார்க்க வேண்டும்.

விளக்கின் வரலாறும் இதே மாதிரி. முதலில் கூரைத் துளைவழி மேலிருந்து இறக்கும் எண்ணெய் விளக்கு. 1870-களிலிருந்து அழுத்தமூட்டிய எண்ணெய் வாயு, அதற்கான உருளைத் தொட்டிகள் அடிச்சட்டத்தில். மர உடல், அடியில் வாயுத் தொட்டி, முன்னால் நெருப்புள்ள எஞ்சின்: மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1915 மே 22-இல் ஸ்காட்லாந்தின் குயின்டின்ஷில் மோதல் காட்டியது. படைவீரர்கள் வந்த ரயில் எரிந்து 200-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அச்சிலிருந்து பட்டையால் சுழலும் டைனமோவும் 24 வோல்ட் பேட்டரியும் வாயு விளக்கை மெல்ல வழக்கொழித்தன. கூரையில் எண்ணெய் விளக்குத் துளையை அடைத்த ஒட்டும், அருகில் வாயுக் குழாய்க்கான துளையும், உள்ளே மின்கம்பிக்கான மரப்பட்டியும் ஒரே பெட்டியில் இருப்பது அரிதல்ல. மூன்று காலம் ஒரே கூரையில்.

வசதியின் பக்கம் சொல்ல வேண்டியது மிட்லண்ட் ரயில்வேயை. 1874-இல் அமெரிக்காவிலிருந்து புல்மன் கம்பெனியின் சொகுசு போகிப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். 1875 ஜனவரி 1 முதல் இரண்டாம் வகுப்பையே நீக்கிவிட்டு, மூன்றாம் வகுப்புக்கு மெத்தை இருக்கை கொடுத்தார்கள். மற்றக் கம்பெனிகளும் காலப்போக்கில் பின்பற்ற, முதலும் மூன்றும் மட்டும் உள்ள, நடுவில் எண் விடுபட்ட விநோத வகுப்பு முறை உருவானது. 1956 ஜூனில்தான் மூன்றாம் வகுப்பு "இரண்டாம் வகுப்பு" ஆனது. கதவில் "3" இருந்தால் அந்த எழுத்து 1956-க்கு முந்தைய நிலையைக் காட்டுகிறது. 1892-இல் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி பக்கவாட்டு நடைவழியும் பெட்டிக்குப் பெட்டி இணைப்பும் உள்ள ரயிலை விட்டது. அதன்பின் நீண்டதூரப் பெட்டி கழிப்பறை, உணவறை என்று வளர்ந்தது; புறநகர்ப் பெட்டியோ அறைக்கு ஒரு கதவு என்ற பழைய அமைப்பிலேயே நெடுங்காலம் இருந்தது.

1951 முதல் பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய எஃகு உடல் 'மார்க் ஒன்' பெட்டிகள்தான் இன்று பாரம்பரியப் பாதைகளின் சுமையை இழுப்பவை. அவற்றிலும் ஒரு வில்லங்கம் உண்டு: வெப்பக் காப்புக்காகச் சுவருக்குள் பலவற்றில் நீல ஆஸ்பெஸ்டாஸ் தெளித்திருந்தார்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தார் அதை நீக்கியதற்கான சான்று இல்லாமல் உள்பலகை ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது.

பெட்டி எப்படித் தப்பிப் பிழைத்தது

புதுப் பெட்டி முதன்மை ரயிலில் ஓடும். பத்து இருபது ஆண்டில் அதைவிட நல்லது வந்ததும் கிளைப் பாதைக்குத் தள்ளப்படும். பிறகு தொழிலாளர் ரயில், திருவிழாக்கால மாற்று ரயில். அதன்பின் பயணிகள் வேலையிலிருந்து விலக்கப்பட்டு, பெரும்பாலானவை ஏதோ ஒரு ஒதுக்குப் பாதையில் எரிக்கப்பட்டன. மரத்துக்கு விலையில்லை, இரும்புக்கு உண்டு. மரத்தை எரித்துவிட்டால் இரும்பைப் பொறுக்கிவிடலாம். மர உடல் பெட்டிகள் இவ்வளவு குறைவாக மிஞ்சியதற்கு இதுதான் காரணம்.

மிஞ்சியவை ஏதாவதொரு கிளை வேலையால் தப்பியவை. சில பெட்டிகள் பாதை பழுதுபார்ப்பவர்களின் சாப்பாட்டு வண்டியாகவும் கருவி வண்டியாகவும் மாறின. 1933-இல் லண்டன் வடகிழக்கு ரயில்வே பழைய பெட்டிகளை அழகான ஊர்களின் ஒதுக்குப் பாதைகளில் நிறுத்தி, சமையலறை, படுக்கை வைத்து விடுமுறைக்கு வாடகைக்கு விட்டது; மற்றக் கம்பெனிகளும் தொடர்ந்தன. பெரும் எண்ணிக்கை மூன்றாவது வழியில் போனது: உடல் மட்டும் விற்கப்பட்டு, பண்ணைகளில் கோழிக் கொட்டகையாகவும், தோட்டக் குடிலாகவும், கடற்கரை வீடாகவும் தரையில் வைக்கப்பட்டது. அடிச்சட்டமும் சக்கரமும் உருக்காலைக்குப் போயின.

வீடாக ஆனவை சில சமயம் மிகச் சிறப்பாகப் பிழைத்தன. அதன்மேல் ஒரு தகரக் கூரை போட்டு, சுற்றிலும் பலகை அடித்து, உள்ளே பெட்டி இருப்பதே வெளியே தெரியாதபடி செய்திருப்பார்கள். அந்த இரண்டாம் கூரைதான் மரத்தைக் காப்பாற்றியது. கோழிக் கொட்டகையாக வெறும் மண்மேல் கிடந்தவற்றின் அடி விட்டம் பெரும்பாலும் மக்கி மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

தடயங்களைப் படிப்பது

எண்ணிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் எண்ணை நம்பிவிடக் கூடாது. 1923-இல் நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நான்கு பெரிய கம்பெனிகளாக இணைக்கப்பட்டபோது பெட்டிகள் புது எண் பெற்றன. லண்டன் மிட்லண்ட் ஸ்காட்டிஷ் கம்பெனி 1933-இல் மறுபடியும் மாற்றியது. 1948-இல் நாட்டுடைமையானதும் எண்ணுக்கு முன்னால் பிராந்திய எழுத்து வந்தது. 1951 முதல் பின்னாலும் ஓர் எழுத்து. முன்னெழுத்து அதைப் பராமரிக்கும் பிராந்தியம், பின்னெழுத்து அது முதலில் எந்தக் கம்பெனியின் பெட்டி என்பது. பயணிகள் வேலையிலிருந்து விலகி ரயில்வேயின் சொந்தத் துறைப் பணிக்குப் போனால் முன்னால் 'டி' சேர்ந்தது. ஒரே பெட்டிக்கு நான்கைந்து எண்கள் இருப்பது சாதாரணம். ஆவணத்தில் தேடும்போது எந்த எண், எந்தக் காலத்து எண் என்று பிரித்துக்கொள்ளாவிட்டால் வேறொரு பெட்டியின் வரலாற்றை உங்கள் பெட்டிக்கு எழுதிவிடுவீர்கள். இந்தத் தவறு அச்சேறியவற்றிலும் நிறையவே நடந்திருக்கிறது.

வெளியே வண்ணம் தீட்டிய எண் மறைந்திருந்தாலும் மரம் அதை வைத்திருக்கும். அந்தக் காலத்தில் கதவு, ஜன்னல் சட்டம் எல்லாம் கையால் இழைத்து அந்தந்தப் பெட்டிக்குப் பொருத்தியவை. ஒன்றை இன்னொன்றில் மாட்டினால் சேராது. எனவே பட்டறையில் ஒவ்வொன்றிலும் பெட்டி எண்ணை முத்திரையாகக் குத்தினார்கள், அல்லது பென்சிலால் எழுதினார்கள். கதவின் கீல் பக்க விளிம்பு, ஏற்றி இறக்கும் ஜன்னலின் அடிக்கட்டை, இருக்கைப் பலகையின் அடிப்பக்கம், கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம்: இவற்றை வண்ணம் சுரண்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். மணல் தாளை எடுத்துவிட்டால் அது போய்விடும்.

வகுப்பை அளவு சொல்லும். தடுப்புச் சுவருக்குத் தடுப்புச் சுவர் சுமார் 6 அடி இருந்தால் மூன்றாம் வகுப்பு; 7 அடியும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகுப்பு. வீடாக மாற்றியவர்கள் தடுப்பைப் பிடுங்கியிருப்பார்கள். பரவாயில்லை. தரையிலும் கூரை உட்பலகையிலும் வண்ணம் படாத கோடு ஒன்று இருக்கும். சாமான் வலைத் தாங்கியின் திருகு துளைகள் எந்த உயரத்தில், எத்தனை என்று குறித்துக்கொண்டால், இருக்கை எங்கே இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

வண்ண அடுக்கைப் படிக்க ஒரு முறை உண்டு. மழை வெயில் அதிகம் படாத இடத்தில், கூரை ஓரத்துக்குக் கீழேயோ ஒரு பெயர்ப் பலகைக்குப் பின்னாலோ, உள்ளங்கை அளவு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நனைத்த நீர்த்தாளால் (ஈரத்தில் தேய்க்கும் மணல் தாள்) நடுவில் மரம் தெரியும்வரை மெல்லத் தேய்த்து, வெளியே வர வர அழுத்தத்தைக் குறையுங்கள். அடுக்குகள் மர வளையம் போல ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெரியும். உள்வளையம் பழையது. அடிப்பூச்சு எது, மேற்பூச்சு எது என்று பிரித்தறியப் பழக வேண்டும். அடிப்பூச்சின் சாம்பல் நிறத்தை ஒரு கம்பெனியின் அடையாள நிறமாகக் கணக்கிடுவது தொடக்கக்காரர் செய்யும் தவறு. பழைய வண்ணத்தில் ஈயம் உண்டு. உலரத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். ஈரமாக மட்டும் தேய்க்க வேண்டும், முகக் கவசத்தோடு.

பெட்டி சொல்வதையும் காகிதம் சொல்வதையும் அப்புறம் ஒப்பிடலாம். யார்க் தேசிய ரயில் அருங்காட்சியகத்திலும் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் கம்பெனி வரைபடங்கள், பெட்டிப் பதிவேடுகள் பலவும் இருக்கின்றன. பெட்டியும் காகிதமும் முரண்பட்டால் நாம் பெட்டி பக்கம் நிற்போம். வரைபடம் செய்ய நினைத்ததைச் சொல்கிறது. மரம் செய்ததைச் சொல்கிறது.

எங்கே கெடும், ஏன்

நீர் மேலிருந்து வருகிறது. பழைய பெட்டியின் கூரை என்பது வளைந்த மரக் கைகளின் மேல் அடித்த மெல்லிய பலகை, அதன்மேல் ஈய வெள்ளைக் கூழில் பதித்த கான்வாஸ், அதன்மேல் வண்ணம். வண்ணம் வெடித்தால் கான்வாஸ் நனையும். கான்வாஸ் கிழிந்தால் பலகை. பிறகு நீர் வளைவின் வழியே ஓரத்துக்கு ஓடி, கூரையும் பக்கமும் சேரும் மேல் விட்டத்தில் தங்கும். அங்கிருந்து நிற்கும் சட்டங்கள் வழியே இறங்கி அடி விட்டத்தில் முடியும். கீழே மக்கல் தெரிந்தால் காரணம் மேலே இருக்கிறது. கீழே மட்டும் மாற்றிவிட்டுக் கூரையை விட்டால் சில ஆண்டில் அதே வேலை திரும்ப வரும்.

இரண்டாவது இடம் கதவின் அடி. ஜன்னலைத் தோல் பட்டையால் இறக்கும்போது கண்ணாடிச் சட்டம் கதவுக்குள் போகிறதல்லவா, மழைநீரும் அதே வழியாகப் போகும். அதை வெளியேற்றக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருப்பார்கள். பிறகு வண்ணம் பூசியவர்கள் துளையோடு சேர்த்து அடைத்திருப்பார்கள். கதவு ஒரு தொட்டியாகிவிடும். ஒரு கம்பியை விட்டு ஆண்டுக்கு இரண்டு முறை துளையைக் குத்திவிடுவது அரை மணி நேர வேலை. மக்கிய கதவைப் புதிதாகச் செய்வது சில வாரம்.

மூன்றாவது, மரமும் இரும்பும் சேரும் இடம். ஓக் மரத்தில் துவர்ப்பு அமிலம் உண்டு. இரும்பு ஆணி அதில் அரிக்கும். ஆணியைச் சுற்றி மரம் கறுத்து உதிரும். தேக்கு இந்த விஷயத்தில் பொறுமைசாலி, எண்ணெய்ப் பசை உள்ளது. ஆனால் அதே எண்ணெயால் பசையும் வார்னிஷும் சரியாகப் பிடிக்காது, ஒட்டுவதற்குச் சற்று முன் கரைப்பானால் துடைக்க வேண்டும். மரச் சட்டத்தின் மேல் எஃகுத் தகடு அடித்த இடைக்காலப் பெட்டிகள்தான் மிகவும் தொல்லை. தகட்டின் உட்புறம் வியர்த்து நீர் கோக்கும், துரு பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், தகடு உப்பித் திருகுகளைப் பிடுங்கும்.

பழுதைச் சரிசெய்யும்போது முழுச் சட்டத்தையும் தூக்கி எறிவது எளிது. பாதுகாப்பு வேலையில் முடிந்தவரை நல்ல பகுதியை விட்டுவிட்டு, கெட்டதை மட்டும் வெட்டி, சாய்வான ஒட்டுப் போட வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குல நீளச் சரிவு என்பது நல்ல கணக்கு. புது மரம் அதே இனமாக, ஈரப்பதம் 12 முதல் 15 சதவீதத்துக்குள் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் போட்டால் சுருங்கி மூட்டு திறந்துகொள்ளும், நீர் அதன் வழியே நுழையும்.

தேக்கை வண்ணம் பூசாமல் வார்னிஷில் மின்ன விட்ட கிரேட் நார்தர்ன், லண்டன் வடகிழக்குப் பெட்டிகளுக்கு இன்னொரு கவலை. வார்னிஷ் ஒரு மயிரிழை வெடித்தாலும் ஈரம் அடியில் நுழைந்து கரும்புள்ளி போடும். இரும்புக் கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலால் வெளுக்கலாம். வெளுத்தபின் நன்றாகக் கழுவாவிட்டால் எஞ்சிய அமிலம் புது வார்னிஷைக் கெடுக்கும். பழைய பலகைக்குப் பக்கத்தில் வைத்த புதுப் பலகை சில காலம் வெளிறித் துருத்திக்கொண்டு நிற்கும். சாயம் பூசி ஒப்பேற்றுவதா, வெயில் தானாக நிறம் கொடுக்கும்வரை பொறுப்பதா என்று ஒவ்வொரு பட்டறையிலும் வாக்குவாதம் உண்டு.

சட்டம் இல்லாத உடலுக்குச் சட்டம்

தரையில் கிடந்த உடலை மீட்டால் அடுத்த கேள்வி: எதன்மேல் ஏற்றுவது? அந்தக் காலத்து நான்கு சக்கர அடிச்சட்டங்கள் கிடைப்பது மிக அரிது. பலரும் கண்ட வழி, சதர்ன் ரயில்வேயின் நான்கு சக்கரப் பார்சல் வண்டிகள். 32 அடி அடிச்சட்டம், நல்ல வில், வெற்றிட பிரேக் ஏற்கெனவே பொருத்தியது. பிரிட்டிஷ் ரயில்வே அவற்றை நீக்கியபோது நிறையக் கிடைத்தன. ஐல் ஆஃப் வைட் நீராவி ரயில்வே தன் விக்டோரியா காலப் பெட்டிகள் பலவற்றை இப்படித்தான் ஓட வைத்தது. உடலின் நீளத்துக்கேற்ப அடிச்சட்டத்தை வெட்டிக் குறைப்பார்கள், அல்லது நீட்டுவார்கள். ஆறு சக்கரப் பெட்டியின் உடல் நான்கு சக்கரத்தில் உட்கார நேரும். டிக்கெட் வாங்குகிற பயணிக்கு வித்தியாசம் தெரியாது. தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

ஏற்றும்போது நடப்பது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தரையில் பல ஆண்டு நான்கைந்து கல் மேல் கிடந்த உடல், கற்களுக்கு இடையே தொய்ந்திருக்கும். தடுப்புச் சுவர்களைப் பிடுங்கியிருந்தால் பக்கங்கள் வெளியே விரிந்திருக்கும். நேரான சட்டத்தில் அப்படியே வைத்து போல்ட் போட்டால் எல்லாக் கதவும் இறுகும். முதலில் உடலுக்குள் குறுக்குக் கட்டைகள் அடித்து வடிவத்தைப் பிடித்து, பிறகு ஜாக்கியால் சிறிது சிறிதாக, நாட்கணக்கில் விட்டு விட்டு நேராக்க வேண்டும். மரம் அவசரத்துக்குப் பணியாது. பழைய அடிச்சட்டங்களில் நடுப்பகுதிக்கு அடியில் இழுவைக் கம்பியும் முறுக்கு நட்டும் இருக்கும். அதை இறுக்கினால் நடு எழும்பும், தளர்த்தினால் இறங்கும். கதவு ஒட்டுகிறது என்றால் கதவைச் சீவுவதற்கு முன் அந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும்.

சக்கரமும் கதை சொல்லும். 1840-களில் மான்செல் உருவாக்கிய சக்கரத்தில் எஃகு வளையத்துக்கும் நடுக் குடத்துக்கும் இடையே 16 தேக்குத் துண்டுகள் ஆப்பு போல அடைத்திருக்கும். சத்தம் குறைவு, வளையம் உடைந்தாலும் துண்டுகளாகச் சிதறாது. 1874 கிறிஸ்துமஸ் முந்தைய நாள் ஷிப்டன் அருகே சக்கர வளையம் உடைந்து 34 பேர் இறந்த பிறகு இந்த வகைக்கு மதிப்பு கூடியது. உங்கள் பெட்டியின் கீழே மரச் சக்கரம் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். ஓட்டத்துக்கு எஃகுச் சக்கரம் போட்டாலும் இதைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஆண்டுக்குத் திருப்புவது?

வேலை தொடங்கும் முன் எடுக்க வேண்டிய முடிவு இது. கட்டிய நாளின் நிலைக்கா? அப்படியானால் பிறகு வந்த மின்விளக்கு, நீராவிச் சூடேற்றக் குழாய், அபாயச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். பயணிகளை ஏற்றுவதானால் அது நடக்காது. கடைசியாக ஓடிய நாளின் நிலைக்கா? அப்போது பூசியிருந்த நிறம் பார்வையாளருக்குப் பிடிக்காமல் போகலாம். பெரும்பாலான பாதைகள் நடுவில் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுக்கின்றன: அந்தப் பாதையில் அந்தப் பெட்டி உண்மையாக ஓடிய காலம், அப்போது கூட ஓடிய எஞ்சின் ஒன்றும் இருக்கிறது, அந்த நிறத்துக்குச் சான்றும் இருக்கிறது. நல்ல தேர்வுதான். ஆனால் அந்த ஆண்டுக்குப் பிந்தைய தடயத்தை அழிக்கும் முன் படம் எடுத்து, அளந்து, ஒரு சதுர அடியையாவது தொடாமல் பலகைக்குப் பின்னால் விட்டு வைக்க வேண்டும். வீடாக இருந்த காலத்தில் ஒட்டிய சுவர்த்தாளும் அந்தப் பெட்டியின் வரலாறுதான்.

டாலிலின் பாதையில் 1860-களின் பெட்டிகள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒரு பக்கம் மட்டுமே கதவு. பாதை கட்டியபோது மேம்பாலங்களுக்கு அடியில் இடைவெளி போதாமல் போனதால் வந்த ஏற்பாடு அது. அதைப் "பழுது" என்று நினைத்து மறுபக்கமும் கதவு வைத்தால் பாதையின் கதையே போய்விடும். வேல்ஸின் இன்னொரு குறும்பாதையான ஃபெஸ்டினியோக்கின் 15, 16-ஆம் எண் பெட்டிகள் 1870-களின் தொடக்கத்தில் வந்த போகிப் பெட்டிகள். பிரிட்டனில் அந்த வகையில் மிகப் பழையவை. இப்படி ஒரு பெட்டியின் மதிப்பு எந்த அம்சத்தில் இருக்கிறதோ அதைத் தொடாமல் மற்றதில் கை வைப்பதுதான் தேர்வு.

ஓட்டத்துக்கு விட்டபின்

பெரும்பாலான பாரம்பரியப் பாதைகளின் வேக வரம்பு மணிக்கு 25 மைல். வேகம் குறைவு என்பதால் பிரேக்கில் சலுகை கிடையாது. தானியங்கி வெற்றிட பிரேக்கில், எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி 21 அங்குல (பாதரச அளவில்) வெற்றிடம் வைத்திருக்கும். காற்று உள்ளே புகுந்தால் ஒவ்வொரு பெட்டியின் சிலிண்டரிலும் பிஸ்டன் எழும்பிக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் பிரேக் விழும். ஆர்மாவில் இல்லாதது இதுதான். கிரேட் வெஸ்டர்ன் மட்டும் 25 அங்குலம் வைத்திருந்தது. அந்த எஞ்சினைக் கழற்றி 21 அங்குல எஞ்சினைப் பூட்டினால், சிலிண்டரின் மேலறையில் 25 அங்குலம் தங்கியிருப்பதால் பிரேக் முழுதாக விடாது. கட்டை உரசிச் சூடாகும். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் உள்ள விடுவிப்புக் கயிற்றை இழுத்துவிட்டுத்தான் ரயிலை எடுக்க வேண்டும். பிரேக் மெல்லத் தானாகவே விழுந்தால் முதலில் பெட்டிகளுக்கு இடையிலான ரப்பர்க் குழாயைப் பாருங்கள். பிறகு பிஸ்டனைச் சுற்றி உருளும் ரப்பர் வளையத்தை.

அச்சின் முனையைத் தாங்கும் பழைய அச்சுப் பெட்டிகளில் வெள்ளை உலோகத் தாங்கியும், அடியில் எண்ணெய் ஊறிய திண்டும் இருக்கும். மூடி சரியாக மூடாமல் மழைநீர் புகுந்தால் எண்ணெய் மிதந்து வெளியேறும், நீர் தங்கும், தாங்கி சூடேறி உருகும். ஓட்டம் முடிந்ததும் புறங்கையை அச்சுப் பெட்டிமேல் வைத்துப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் மற்றதைவிடச் சுடுகிறதென்றால் அடுத்த ஓட்டத்துக்கு அந்த ரயில் பெட்டியை விடக் கூடாது.

நிறுத்தி வைக்கும்போது தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டிவிடுவது பொதுவான பழக்கம். அது மழையைத் தடுக்கும், ஆனால் உள்ளிருக்கும் ஈரத்தையும் அடைத்துவிடும்; பாய் மரத்தைத் தொடும் இடமெல்லாம் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், காற்றில் அடித்து வார்னிஷைத் தேய்க்கும். பக்கம் திறந்த, கூரை மட்டும் உள்ள கொட்டகையே அதைவிட நல்லது. கொட்டகை கிடைக்கும்வரை பாய்தான் வழி என்றால், அதைப் பெட்டியின் மேல் நேராகப் போர்த்தாமல், கூரைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கம்பிச் சட்டம் கட்டி அதன்மேல் விரித்து, இரு முனைகளையும் காற்று போகத் திறந்து விட வேண்டும். ஜன்னல்களை இரண்டு விரல் இறக்கி வைக்கலாம்.